மார்க் ஹொலிஸைக் கேட்க முன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் டோக் டோக் (Talk Talk) இசைக்குழுவின் ‘இட்ஸ் மை லைஃப்’ பாட்டை விடாமல் கேட்கிறீராம். அந்தக் குரலுக்குரிய மார்க் ஹொலிஸ், குழு கலைந்து சில வருடங்களின் பின் 1998இல் தனியாக ஓர் அல்பம் வெளியிட்டார். எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 47 நிமிடம். அதற்காக அவர் ஒரு மேடைகூட ஏறவில்லை. வேறு தனி அல்பமும் வராமலே 2019இல் காலமானார். றொக் கேட்கும் எங்கட பெடியளே பலர் இதை அறியார்கள், அதுதான் எனக்குக் கவலை.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். அல்பத்துக்கும் அவர் பெயர்தான். முதல் பாட்டு ‘த கலர் ஒஃப் ஸ்பிரிங்’. அதே பெயரில் குழுவின் 1986 அல்பம் ஒன்றும் இருப்பதால் அங்கே போய் நிற்பீர். அவர் பெயரோடு ‘எ நியூ ஜெருசலேம்’ என்று போட்டுத் தேடும்.

போனில் ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு கலக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடும். இல்லாவிட்டால் பாட்டுகளுக்கிடையே விட்ட மௌனம் பறிபோகும். தொடக்கத்தில் கிட்டத்தட்ட 20 வினாடி மெல்லிய இரைச்சல் மட்டும்தான். போன் இறுகிவிட்டதென்று சத்தத்தைக் கூட்ட வேண்டாம். பியானோ வந்து, அவர் குரலும் வந்த பிறகு, ஓர் ஆள் அதே அறையில் இருந்து பாடும் அளவுக்குச் சத்தத்தை வையும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், இதை ஒரு சோடி மைக்குக்கு முன்னால் வாத்தியக்காரரைத் தூரம் பார்த்து இருத்திப் பதிந்தார்கள். ஒலிப்பதிவு ஃபில் பிரவுண். கிட்ட இருப்பது கிட்டக் கேட்கும், எட்ட இருப்பது எட்டக் கேட்கும். ஃபான் சுற்றினாலே அந்தத் தூரம் அழிந்துவிடும். கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்து, கரண்ட் போன இரவென்றால் இன்னும் நல்லது. வயர் உள்ள ஹெட்போன் போதும்.

ஐந்தாவது பாட்டு ‘எ லைஃப் (1895–1915)’ எட்டு நிமிடம். முதலாம் உலகப் போரில் இருபது வயதில் மாண்ட பிரித்தானியப் படைவீரர் ரோலண்ட் லெய்ற்றன் பிறந்த, இறந்த ஆண்டுகள்தான் அவை இரண்டும். நடையும் வேகமும் மாறிக்கொண்டே போகும். சொற்கள் மிகக் குறைவு. போரில் பிள்ளைகளைக் கொடுத்த எங்கட ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அல்பத்தில் ஆர்மோனியமும் உண்டு, ஆனால் இசைநாடகத்தில்போலப் பாட்டை இழுத்துச் செல்லாது, ஓரமாய் மூச்சு விடும்.

கடைசிப் பாட்டின் முடிவிலும் நீண்ட மௌனம் இருக்கிறது. அது முடியுமட்டும் ஹெட்போனைக் கழற்றாதேயும்.

அன்புடன்,
அண்ணா