முதல் ரத்த மாதிரியைச் சேமித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு ஆனி மழையில், ஒன்பது வாரக் கர்ப்பிணியாக இருந்த என் மகளுக்கு முகத்திலும் மார்பிலும் மெல்லிய சிவப்புத் தடிப்பு கண்டது. காதுக்குப் பின்னால் கடலைப்பருப்பு அளவில் நெறி கட்டியிருந்தது. மூன்றாம் நாள் தடிப்பு மறைந்துவிட்டது. பத்து நாள் கழித்து எடுத்த ரத்தத்தை கோயம்புத்தூருக்கு அனுப்பி வந்த சீட்டில், ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வைரஸை எதிர்த்து உடலில் உண்டாகும் ஐ.ஜி.எம். (புதிய தொற்றில் முதலில் தோன்றுவது), ஐ.ஜி.ஜி. ஆகிய இரண்டு எதிர்ப்பொருள்களும் பாசிட்டிவ் என்றிருந்தன. அந்த ஒரு சீட்டைப் பார்த்த மாத்திரத்தில், கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்று எங்களிடம் சொல்லப்பட்டது.

அந்தப் பயம் ஆதாரமற்றது அல்ல. கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால், குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு போன்ற பாதிப்புகள் ஏற்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. ஆனால், ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்பது மட்டுமே புதிய தொற்றுக்குச் சாட்சி ஆகாது; வேறு வைரஸ் தொற்றிலும் அது தவறாகக் காட்டக்கூடும், சிலருக்குப் பழைய தொற்றுக்குப் பிறகு பல மாதங்கள் நீடிக்கவும் கூடும். ஐ.ஜி.ஜி.யோ ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்குவது.

வேறொரு மருத்துவர் மூன்று வார இடைவெளியில் இரண்டாவது மாதிரி எடுத்து, இரண்டையும் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாகச் சோதிக்கச் சொன்னார். புதிய தொற்றாக இருந்தால் உயர்ந்திருக்க வேண்டிய ஐ.ஜி.ஜி. அளவு உயரவில்லை. அந்த எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று பார்க்கும் அவிடிட்டி சோதனையும், தொற்று பழையது என்றே காட்டியது. அந்த மூன்று வாரமும் என் மகள் வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பேரன் இப்போது தவழ்கிறான். கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன.

இந்த வேதனை தேவையே இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளில் ரத்த வகை, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி. முதலியவற்றுக்காக எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். அதிலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தில் சிறிதைப் பெயரும் தேதியும் எழுதி உறைநிலையில் வைத்திருந்தால், தடிப்பு வருவதற்கு முன்பே ஐ.ஜி.ஜி. இருந்ததா என்று உடனே பார்த்திருக்கலாம். பிரிட்டனில் இத்தகைய முதல் மாதிரியைக் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்கிறார்கள்.

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் பலர் இன்று தாய்மை அடையும் வயதில் இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. தேயிலைத் தோட்டத்தில் அரை நாள் கூலியை விட்டு, மலை இறங்கி மறுபரிசோதனைக்குப் போக எத்தனை பேரால் முடியும்?

ஆகவே, பந்தலூர், கூடலூர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் மாதிரியைச் சேமிக்கவும், தடிப்பு கண்ட தேதியைத் தாய் அட்டையில் குறிக்கவும், இரண்டாவது மாதிரியை இங்கேயே எடுத்து அனுப்பவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஐ.ஜி.ஜி. இல்லாத தாய்க்கு, கர்ப்ப காலத்தில் இத்தடுப்பூசி போடக்கூடாது என்பதால், பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.