கொப்பரை ஆட்டும் இடத்திலேயே இன்னொரு வருமானம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு வணிகர்களுக்கான கடன் முகாம்களில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை, "ஒரே வருமானத்தை நம்பியிருக்காதீர்கள்" என்பது. அறிவுரை சரிதான். ஆனால் அதைச் சொன்ன கையோடு ஏதாவது ஒரு புது இயந்திரத்தின் விலைப்பட்டியலையும் நீட்டிவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழி அருகே மாமனார் தொடங்கிய எண்ணெய்ச் செக்கை இப்போது நான் நடத்தி வருகிறேன். இருக்கிற தொழிலில் எது சும்மா கிடக்கிறது, வாசல்வரை வந்தும் காரியம் நடக்காமல் திரும்புகிறவர் யார் என்று பார்த்த பிறகுதான் இயந்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

2025-இல் தேங்காய் விலை ஏறியதை எல்லோரும் அறிவார்கள். கேரளத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் 400 ரூபாயைத் தாண்டியது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சூடுதான். மாதம் தவறாமல் லிட்டர் கணக்கில் வாங்கியவர்கள் கால் லிட்டர் கேட்டார்கள். விலை ஏறினால் செக்குக்காரருக்கு லாபம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேற்று வாங்கிய அதே அளவு கொப்பரைக்கு இன்று கூடுதல் பணம் போட வேண்டும், விற்பனையோ குறைகிறது. முதல் முடங்கிப்போகிறது. கடன் வாங்கிக் கொப்பரை பிடித்து, மறுவாரம் விலை இறங்கிவிட்டால் எழுந்திருக்கவே முடியாது.

அந்த நேரத்தில் எங்களைத் தாங்கியது கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் வேலை. எங்கள் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வீட்டைச் சுற்றி நாலைந்து தென்னையாவது இல்லாத வீடு இங்கே குறைவு. அந்தத் தேங்காயை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்குகிறவர்கள்தான் அதிகம். "கொப்பரையாகக் கொண்டு வாருங்கள், எண்ணெயாகக் கொண்டு போங்கள்" என்று எழுதி வைத்தோம். கொப்பரை அவர்களுடையது, ஆட்டுகூலி எங்களுடையது. இதற்கு நாங்கள் ஒரு ரூபாய்கூட முதல் போட வேண்டியதில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி கூலிதான்.

இதிலிருந்தே அடுத்த வருமானமும் வந்தது. வருகிற கொப்பரையில் ஒரு சில்லை எடுத்து ஒடித்துப் பார்ப்பேன். 'டக்'கென்று முறிந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். வளைந்து, நார் போல இழுத்துக்கொண்டு பிரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். இப்போது எங்கள் உலர்த்தியிலேயே காயவைத்து, அதற்குத் தனிக் கூலி வாங்குகிறோம். எங்கள் கொப்பரை இல்லாத நாட்களில் வெறுமனே கிடந்த உலர்த்திதான் அது. கந்தகப் புகை போட்டு வெளுக்கச் சொல்பவர்களும் வருகிறார்கள். உண்ணும் பொருளில் அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை.

இதில் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த 10 கிலோ கொப்பரையில் ஏறக்குறைய 6 கிலோ எண்ணெய் வரும். மீதி பெரும்பாலும் பிண்ணாக்கு. அந்தப் பிண்ணாக்கு யாருக்கு? மாடு வைத்திருப்பவர் கேட்பார், மற்றவர் கேட்கமாட்டார். பிண்ணாக்கை விட்டுவிட்டுப் போனால் ஒரு கூலி, எடுத்துப் போனால் இன்னொரு கூலி என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறோம். சிரட்டைக்கும் இப்போது நல்ல கிராக்கி, கரி சுடுகிறவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். ஆனால் உலர்த்திக்குச் சிரட்டையைப் போல் நின்று எரியும் விறகு வேறில்லை. தேங்காயின் நார் மட்டையான கதம்பையைப் போட்டால் புகை மண்டிக் கொப்பரை கறுத்துவிடும். ஆகவே உலர்த்திக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் விற்கிறோம். சிரட்டைக் காசைத் தனி நோட்டில் எழுதுவதால்தான், எந்த மாதம் விற்பது லாபம், எந்த மாதம் எரிப்பது லாபம் என்று தெரிகிறது.

கூந்தல் தைலம் போடலாமே என்று கேட்காதவர் இல்லை. செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சத் தெரியாத வீடு குமரியில் உண்டா? ஆனால் சமையல் எண்ணெய்க்கு வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு இதற்குச் செல்லாது. அழகுசாதனத் தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர் இது தெரியாமலே பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

என் கோரிக்கை உலர்த்தியைப் பற்றியது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மாதக்கணக்கில் முற்றத்தில் கொப்பரை காயாது. எங்களிடம் இருப்பதோ சின்ன உலர்த்தி; அந்த மாதங்களில் வருகிறவர்களில் பலரைத் திருப்பி அனுப்புகிறோம். 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் தனிநபர் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்பதை எல்லா முகாமிலும் சொல்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் குழுக்களும் பொது வசதி அமைக்கவும் அதே திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம், கணபதிபுரம் வட்டாரத்துக்கு ஈரப்பதம் அளக்கும் கருவியோடு ஒரு பொது உலர்த்தி அமைந்தால், மரம் வைத்திருப்பவர் கொப்பரைக்கு நல்ல விலை பெறுவார், எங்களைப் போன்ற செக்குகளுக்கு மழைக்காலத்திலும் வேலை இருக்கும், குழுப் பெண்களுக்கு அதை நடத்தும் கூலியும் கிடைக்கும்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் பக்கத்துச் செக்குக்காரர்களோடு பேசி வருகிறேன். தோப்பு வைத்திருப்பவர்களும் கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும். தங்கள் நாளிதழ் இதை வெளியிட்டு அவர்களிடம் கொண்டு சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எண்ணெய்ச் செக்கு நடத்தும் வாசகி,
ஈத்தாமொழி, கன்னியாகுமரி மாவட்டம்.