வள்ளுவர் சிலையின் உயரம் ஆங்கிலக் கேள்வியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கல்வி இணைப்பில், வெளிநாடு செல்கிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு ஒன்று வந்திருந்தது. அதன் தலைமாட்டில் கட்டம் கட்டி ஒரு வாக்கியம்: ‘வெளிநாடு செல்ல முயலும் குமரி மாவட்ட நர்சுகள் ரீடிங் பகுதியில் தோற்பதற்குச் சொல்வளம் இல்லாததே காரணம், தினம் 50 சொற்களை மனப்பாடம் செய்தால் போதும்.’ அந்தப் ‘போதும்’ என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழகத்திலேயே முதலிடம் என்று எங்கள் முதுகைத் தட்டிக்கொடுப்பதும் தங்கள் இதழ்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களுக்குச் சொல்வளம் இல்லாமல் போய்விடுகிறது. இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளைச் சோதிக்கும் முன், அந்தத் தேர்வை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

திருவள்ளுவர் சிலையைப் பற்றி ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். முதல் கேள்வி, சிலையின் உயரம் எத்தனை அடி? ஐயா, 133 என்பதைக் கன்னியாகுமரியில் சங்கு விற்கும் சிறுவன் உறக்கத்திலும் சொல்வான். பீடம் 38, சிலை 95 என்று கணக்கையும் பிரித்துச் சொல்வான். பத்தியைப் படிக்காமலே விடை சொல்லிவிடலாம் என்றால், அது வாசிப்பைச் சோதிக்கும் கேள்வியே அல்ல. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, கேள்விகளை மட்டும் பத்துப் பேரிடம் கொடுங்கள். நாலு விடை இருந்தால், குருட்டாம்போக்கில் அடிப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் சரியாக வரவேண்டும். ஏழெட்டுப் பேருக்கு வந்தால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

ஏழாம் கேள்வி அதைவிட மோசம். ‘மாவட்டத்தில் அதிகமானோர் பார்க்கும் இடம் இந்தச் சிலை’ என்ற கூற்றுக்கு ‘ட்ரூ’ என்று விடை அச்சிட்டிருக்கிறீர்கள். பத்தியில் அப்படி ஒரு வரியே கிடையாது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது, பலரும் வருகிறார்கள் என்பதோடு பத்தி முடிகிறது. ஆகவே விடை ‘நாட் கிவன்’. பத்தி ஒன்றை மறுத்துப் பேசினால் ‘ஃபால்ஸ்’, அதைப் பற்றி வாயே திறக்காவிட்டால் ‘நாட் கிவன்’. ஐஈஎல்டிஎஸ் எழுதும் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடமே இதுதான். தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதாதே, தாளில் இருப்பதை வைத்து எழுது என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் விடைக்குறிப்பு ஒரே வரியில் அதைக் கெடுத்துவிட்டது.

பன்னிரண்டாம் கேள்வியில் ‘டிஸ்சார்ஜ்’ என்பதற்குப் பொருள் கேட்டிருக்கிறீர்கள். வாக்கியம் எதுவும் கிடையாது, சொல் மட்டும் மொட்டையாக நிற்கிறது. நோயாளி வீட்டுக்குப் போவதும் டிஸ்சார்ஜ், புண்ணிலிருந்து நீர் வடிவதும் டிஸ்சார்ஜ். நீங்கள் கொடுத்த நான்கில் இரண்டு சரி. அதில் ‘நீர் வடிதல்’ என்று குறித்த நர்ஸ் உங்கள் கணக்கில் தோற்றவர். வார்டில் நிற்கிறவருக்கு அந்தச் சொல் உங்களைவிட நன்றாகத் தெரியும். பதினைந்தாவதில் கோடிட்ட இடத்துக்கு முன்னால் ‘ஆன்’ (an) என்று போட்டுவிட்டு, டாக்டர், டீச்சர், நர்ஸ், இன்ஜினியர் என்று நான்கு விடைகள். உயிர் ஒலியில் தொடங்குவது ஒன்றே ஒன்று. பொருள் தெரியாதவனும் எழுதிவிடுவான்.

போகட்டும், இருபது விடைகளையும் வரிசையாகப் பாருங்கள். பதினொன்று ‘இ’. பேனாவைத் தூக்காமல் இருபதிலும் ‘இ’ என்று கோடு இழுத்தவனுக்கு 11 மதிப்பெண். கீழேயே ‘10-க்கு மேல் எடுத்தவர்கள் தேர்வுக்குத் தயார்’ என்று வாழ்த்தும் இருக்கிறது!

இது உங்கள் இதழோடு நிற்கிற வியாதியும் அல்ல. பள்ளிக்கூடத் தேர்வில் இணைச்சொல், எதிர்ச்சொல் கேட்கிறார்கள், அதுவும் பாடப்புத்தகத்திலும் கைடிலும் இருக்கிற சொற்களே. அட்டையை மூடி ஒப்பித்தவனுக்கு முழு மதிப்பெண், அதே சொல்லை வேறு வாக்கியத்தில் பார்த்தால் முழிப்பான். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை போர்டு வைத்திருக்கிற கோச்சிங் சென்டர்களில் ‘ஏராளம்’ என்று பொருள்படும் ‘பிளெதோரா’ என்ற சொல்லை எல்லாக் கட்டுரையிலும் செருகச் சொல்கிறார்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் தனித்தாள் கிடையாது. ரைட்டிங்கில் சொல்வளத்துக்கு 25 சதவீதம், இலக்கணத்துக்கு 25 சதவீதம். அந்தச் சொல்வளமும் சொல் இடத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான், பகட்டை எடைபோடுவது அல்ல.

50 சொல் கணக்குக்கு வருகிறேன். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியல் சுமார் 2000 சொற்கள். 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விசார் சொற்பட்டியல் 570 சொற்குடும்பங்கள். உங்கள் வேகத்தில் இரண்டாவது பட்டியல் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும், பதின்மூன்றாம் நாள் லண்டனுக்கு விமானம் ஏறிவிடலாம். ஆனால் ரீடிங்கில் சொற்பொருள் கேட்பதே அபூர்வம். பத்தி ஒன்றை ஒருவிதமாகச் சொல்லும், கேள்வி அதையே வேறு சொற்களில் திருப்பிக் கேட்கும். மூன்று பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிடம், காகிதத் தேர்வானாலும் விடையை எடுத்தெழுதத் தனி நேரம் கிடையாது. இங்கிலாந்து நர்சிங் பதிவுக்கு ரீடிங்கில் 9-க்கு 7 என்ற தரப்புள்ளி வேண்டும், அதற்கு 40-இல் 30 சரியாக இருக்க வேண்டும், ஏறக்குறைய. ‘இரண்டு சொல்லுக்கு மிகாமல்’ என்ற இடத்தில் மூன்று எழுதினால் விடை சரியாக இருந்தும் பூஜ்யம். எழுத்துப்பிழைக்கும் அதே கதி. தவறான விடைக்குக் கழித்தல் இல்லை என்பதுகூடத் தெரியாமல் வெற்றிடம் விட்டு வருகிறார்கள். அரைப்பக்கம் அதற்கு ஒதுக்கியிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும். பதினாறாயிரத்துக்கு மேல் பணம் கட்டி எழுதுகிற தேர்வு அது.

கேள்வியைச் சோதிக்கும் முறையும் ஒன்றும் ரகசியம் அல்ல. 40 பேருக்குத் தாளைக் கொடுத்து, மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலே 11 பேர், கீழே 11 பேரை எடுங்கள். ஒரு கேள்விக்கு மேல்வரிசையில் 9 பேரும் கீழ்வரிசையில் 4 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 5, அதை 11-ஆல் வகுத்தால் 0.45. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் வைத்துக்கொள்ளாதீர்கள். கீழ்வரிசைக்காரர்கள் அதிகம் சரியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் உங்கள் விடைக்குறிப்பில்தான் கோளாறு. ஒருவர்கூடத் தொடாத விடை ஒன்று இருந்தால் அது செத்த விடை, மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சொல்விடுத் தேர்வு வையுங்கள். 250 சொல் பத்தி, முதல் வாக்கியத்தைத் தொடாமல் இரண்டாவதிலிருந்து ஏழுக்கு ஒரு சொல்லை அழித்தால் முப்பது இடம் கிடைக்கும். ஊர்ப்பெயரும் ஆண்டும் அழிபட்டால் யாராலும் ஊகிக்க முடியாது, தொடங்கும் இடத்தை ஒரு சொல் தள்ளி வையுங்கள். எந்த மாற்றுச் சொற்களுக்கு மதிப்பெண் என்று திருத்தும் முன்பே முடிவு செய்யுங்கள். சொல்லும் இலக்கணமும் வாசிப்பும் ஒன்றாகச் சிக்கும். வில்சன் டெய்லர் 1953-இல் இந்த முறையை முன்வைத்தது ஓர் இதழியல் ஆய்விதழில் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

நாற்பது பேருக்குத் தாள் கொடுத்துப் பார்க்கச் சொல்லி முன்பும் எழுதினேன். ‘இணைப்பு அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள்.

இப்போது கேட்பது இவ்வளவுதான். ஏழாம், பன்னிரண்டாம் கேள்விகளுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். விடைகளை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடாமல் அடுத்த வாரம் வெளியிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்தியின் எந்த வரி ஆதாரம் என்ற எண்ணோடு. இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து முதல் வரியை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
வினாத்தாள் தயாரித்துத் திருத்தி ஓய்ந்த ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, குமரி மாவட்டம்.