காட்டும் பணம் வேண்டாம், தவமணி

கோத்தகிரி

அன்புள்ள தவமணி,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே சாரல் விடவே இல்லை. தேயிலை நன்றாகத்தான் வருகிறது, விலைதான் ஏறமாட்டேன் என்கிறது.

என் மகள் யமுனாவுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்துவிட்டது. நீர் மேலாண்மையில் முதுகலை, வகுப்பு அக்டோபரில். விசாவுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். இங்கே பட்டம் வாங்கி அங்கே முதுகலைக்குப் போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். டெல்லியில் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துத் தருகிறார்கள், கட்டணம் 18,000 ரூபாய். அட்மிஷன் வரும்வரை காத்திராமல் அவள் முன்னமே அதை வாங்கி வைத்திருந்தாள்.

பெரிய மலைப்பு பணம்தான். ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவைப் பிள்ளையின் பெயரில் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத கணக்கில், போட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். ஆனால் அது யாருக்கோ கட்டும் கட்டணமில்லை. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே வரும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டார் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அதனால் அந்தப் பக்கம் விண்ணப்பிக்கவில்லை.

கடனுக்கு அலைந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் போன வங்கியில் வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். பச்சைத் தேயிலை விற்கும் சிறு விவசாயிக்கு அது விவசாய வருமானம், வரியே கிடையாது, ரிட்டர்னுக்கு எங்கே போவது? அந்த மேனேஜர் காதிலேயே வாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைமுறையாக இலை கிள்ளிப் பிழைக்கிற குடும்பத்துக்கு வருமானமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், நீயே சொல். பிறகு ஃபேக்டரியிலிருந்து இலைக் கணக்கு, அந்தப் பணம் வரவான பாஸ்புக், பட்டா, சிட்டா, தாசில்தாரின் வருமானச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வேறொரு வங்கிக்குப் போனோம். அங்கே பொறுமையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்பதில்லை. மேலே தேவைப்பட்டதற்குத் தோட்டத்தில் ஒரு துண்டை ஈடு வைத்தோம். விற்கவில்லை.

இப்போது உன் மகன் விஷயம். இங்கிலாந்து விசாவுக்கு வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை ஏஜென்ட் 'ஃபண்ட் அரேஞ்ச்' பண்ணித் தருவதாகவும், 28 நாள் கணக்கில் கிடந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறாய். வேண்டாம் தவமணி, தயவுசெய்து வேண்டாம். வட்டிக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பிக்கொடுக்கும் பணத்தில் பிள்ளை அங்கே என்ன சாப்பிடுவான்? பொய் ஆவணம் என்று பிடிபட்டால் 10 ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். தண்டனை ஏஜென்டுக்கில்லை, உன் பையனுக்குத்தான். முறையான வங்கியின் கல்விக்கடன் கடிதத்தை அங்கேயும் ஏற்கிறார்கள். அண்ணனுக்குப் பென்ஷன் இருக்கிறது, உங்களுக்குக் கடன் கிடைப்பது எங்களைவிடச் சுலபம். கொடுக்கும் தாள் ஒவ்வொன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு போகட்டுமே.

எந்த நாட்டுக்குப் போட்டாலும் முதல் தடவையே சரியாகக் கொடுக்கச் சொல். ஜெர்மனியில் மறுத்தால் மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலையோடு எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். எதற்காக இந்தப் படிப்பு என்ற கடிதத்தையும் அவனே எழுதட்டும். யமுனா நம் ஊர் ஊற்றுகள் வற்றிவருவதைப் பற்றித்தான் எழுதினாள். படித்தபோது அவள் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

இதோடு கடனுக்குக் கொடுத்த தாள்களின் பட்டியலை வைத்திருக்கிறேன். ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்கும் முன் ஒரு போன் பண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ராதா