தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பரண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பன்றியால் மக்காச்சோளம் அழிவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. சுடலாமா, கூடாதா என்று வாசகர்களும் மாறி மாறி எழுதுகிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. விடிய விடியப் பரண்மேல் உட்கார்ந்து காவல் காக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நான் பேரையூர் தாலுகா, சாப்டூர் பக்கத்துக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 62. மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்து, மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறோம். புரட்டாசி மழைக்கு விதைத்தால் கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கும். அன்றைக்கு ஆரம்பிக்கிறது ராத்திரிக் காவல். தை பிறந்து கதிர் ஒடிக்கிற வரை வீட்டில் யாராவது ஒருவர் சோளக்காட்டில்தான் படுக்கை.

2025 ஜனவரியில் அரசு சொன்ன ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. எங்கள் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, ஒரு மாந்தோப்பு, அவ்வளவுதான். சாப்டூர் வனச்சரகம் 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காடு காடாக இருக்கட்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சூரிய மின்வேலிக்கு மானியம் தருகிறார்கள், அதுவும் நல்ல திட்டம்தான். ஆனால் பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும்போது குத்தகைக்காரி நான் எதைக் காட்டி விண்ணப்பம் போடுவது? சிலர் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். அது கொலைக்குச் சமம். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் செத்த செய்தியை நீங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! ஆக, எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம் இருப்பது பரணும் தகர டின்னும் டார்ச் லைட்டும்தான்.

அந்தப் பரணிலிருந்துதான் 2022 மார்கழியில் எங்கள் வீட்டுக்காரர் விழுந்தார்.

ஓடைக்கரை வேம்பில் சவுக்குக் கம்பும் மூங்கிலும் வைத்து, தென்னங்கயிற்றால் கட்டிய பரண். தரையிலிருந்து ஒன்பது அடி இருக்கும். ராத்திரி பத்து மணி, நல்ல பனி. தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். ஏணியின் கடைசிப் படியும் பரண் பலகையும் ஒரே மட்டத்தில் இருந்தன. கடைசிப் படியில் நின்றால் கைக்குப் பிடிக்க எதுவும் கிடையாது. ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலைத் தூக்கினபோது ஏணி நழுவிவிட்டது. நேராகக் காலில் விழுந்தார். வலது குதிகால் நொறுங்கி, முதுகுத்தண்டில் ஓர் எலும்பு அமுங்கிவிட்டது. விடிந்து பால்காரர் பார்க்கிற வரை ஈரக் கரிசலிலேயே கிடந்திருக்கிறார். இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். காவல் என் பொறுப்பு. வள்ளி தினைப்புனம் காத்த காலத்திலிருந்து பரண்மேல் பெண்பிள்ளை உட்காருவது புதிது இல்லைதானே.

அந்த ஏணியைப் பிறகு பலமுறை போய்ப் பார்த்தேன். உயரத்தில் ஏறுகிறவர்கள் பலர் விழுவது படியிலிருந்து பலகைக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான். பலகை கடைசிப் படிக்கு ஒரு சாண் கீழே இருந்து, ஏணிக் கால் பலகைக்கு மேல் இடுப்புயரம் நீண்டிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு பலகைக்குள் இறங்கியிருப்பார். செலவு என்று பார்த்தால் இன்னும் மூன்றடிக் கம்பு.

திருமங்கலத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது, அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் உட்காரும் பலகையைச் செல்போனில் காட்டினான். எனக்கு வேட்டையில் விருப்பமில்லை, அந்தச் சாமானைத்தான் பார்த்தேன். அலுமினியச் சட்டத்தில் ஒரு மிதிபலகை, அதன்மேல் ஓர் ஆசனம். மரத்தைச் சுற்றி ஒரு பெல்ட், அவ்வளவுதான் கட்டு. ஏறுவதற்கு நீள ஏணிக்குப் பதில் கைநீளமுள்ள குச்சி ஏணிகள் மூன்றோ நான்கோ. ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான். முதல் குச்சியைக் கட்டி, அதில் ஏறி நின்று அடுத்ததைக் கட்டி, அப்படியே மேலே போகிறார்கள். இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருகிறார்கள். எல்லாவற்றையும் மடக்கி முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று சாமானிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ.

“அத்தை, இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நானே செய்து தருகிறேன்” என்றான். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வெல்டிங் வேண்டும், அவன் பட்டறையில் அது கிடையாது. அதனால் ஜி.ஐ. என்கிற இரும்புப் பைப்பில் செய்தான். மூன்று குச்சி ஏணி, ஒரு பலகை, லாரியில் சரக்குக் கட்டுகிற, பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட். எங்கள் தராசில் போட்டால் மொத்தம் 19 கிலோ. வீட்டிலிருந்து சோளக்காடு முக்கால் கிலோமீட்டர். ஒரு நாள்தான் என்னால் சுமக்க முடிந்தது. மரத்திலேயே விட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். பம்புசெட் ஒயரையே அறுத்துக்கொண்டு போகிற காலம். இரும்பை விட்டுவைத்தால் மூன்றாம் நாள் பழைய இரும்புக் கடையில் இருக்கும். அதனால்தான் எடை, எடை என்று அடித்துக்கொள்கிறேன். அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் வந்தால் எந்தப் பெண்ணும் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவன் செய்ததில் ஏறிப் பார்த்தபிறகுதான் மற்றக் குறைகள் தெரிந்தன. அந்தப் படத்தில் இருந்ததைப் போலவே படியின் விளிம்பில் ரம்பப் பல் வைத்திருந்தான். அங்கே பூட்ஸ் போட்டு ஏறுகிறார்கள், பல் இருந்தால்தான் வழுக்காது. நாம் செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். இரண்டாவது படியிலேயே உள்ளங்கால் கிழிந்துவிட்டது. பல்லை ராவிவிட்டுப் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றச் சொன்னேன். பனியிலும் பிடி இருந்தது, காலும் நோகவில்லை. படிக்குப் படி ஒன்றரை அடி வைத்திருந்தான். ஆறடி ஆளுக்கு அது சரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுகிறவளுக்கு ஒரு அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் விடுகிற இடைவெளியும் அப்படித்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராட்செட்டின் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததில் முந்தானை மாட்டி, நடு மரத்தில் நின்றுவிட்டேன். கீழே அவன் பதறிப்போனான். கொக்கி, திருகு, பெல்ட்டின் வால் எதுவும் ஏறுகிறவர் பக்கம் நீட்டக் கூடாது.

எங்கள் கரிசலில் மரமே அரிது. ஓடைக்கரையில் இரண்டு வேம்பு, வரப்பில் நாலு பனை. சில வெளிநாட்டுப் பலகைகள் 20 அங்குலக் குறுக்களவு வரைதான் பிடிக்கும். எங்கள் பெரிய வேம்பு இரண்டு பேர் கைகோத்தால்தான் அணையும். அதனால் பெல்ட் எட்டடியாவது இருக்க வேண்டும். மரம் ஓடைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மரம் எப்படிச் சாய்ந்தாலும் பலகையை மட்டப்படுத்த அடியில் ஒரு திருகு வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சறுக்குமரத்தில் உட்கார்ந்த கதைதான். மரமே வேண்டாம், நாலு கால் நட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு மழைக்குக் கரிசல் இளகினால் ஒரு கால் மட்டும் இறங்கும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்தால் ஆடும். கரையான் வேறு. ஆணி அடிக்கவும் எனக்குச் சம்மதமில்லை. பிசின் வடிய நிற்கிற வேம்பைப் பார்க்கச் சகிக்காது. பட்டையை அறுக்காத அகலப் பெல்ட்தான் சரி.

பெல்ட்டைப் பற்றி இன்னொன்று. நைலானோ பாலியெஸ்டரோ, வெயிலில் கிடந்தால் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே நூல் மக்கிவிடும். அணிலும் கடிக்கும். எங்களுக்கு அணில் பஞ்சமே இல்லை. அதனால் பெல்ட்டைத் தனியாக மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும், தயாரித்த மாதமும் தாங்கும் எடையும் அதிலேயே தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி, உள்நூல் சிவப்பாக நெய்து, சிவப்பு தெரிந்தால் மாற்று என்று வைத்துவிடலாம்.

வேட்டைக்காரர் தேவை வேறு, காவல்காரர் தேவை வேறு. அவர்களுக்குச் சத்தம் வந்தால் மான் ஓடிவிடும். நமக்குச் சத்தம்தான் ஆயுதம். தகரத்தையும் டார்ச்சையும் மாட்ட இரண்டு கொக்கி போதும், இருட்டில் தடவினால் கைக்கு வர வேண்டும். அவர்கள் இருபதடி உயரம் போகிறார்கள். மக்காச்சோளம் ஏழெட்டு அடி வளரும், அதற்கு மேல் கண் தெரிந்தால் போதும். எட்டடியில் பலகை இருந்தால், உட்கார்ந்தபடியே சோளக்காடு முழுக்கத் தெரியும். தேவையில்லாத ஒவ்வோர் அடியும் ஆபத்து. அவர்கள் ஒரு பக்கம் பார்த்து உட்காருகிறார்கள், பன்றியோ ஓடைப் பக்கமும் வரும், மலைப் பக்கமும் வரும். ஆசனம் திரும்ப வேண்டும். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வருகிறவர் மூன்று மணிக்குக் கண் அயராமல் இருக்க மாட்டார். அதனால் முன்னும் பக்கமும் மார்பு உயரத்துக்குக் கம்பி வேண்டும். பனிக்கு ஒரு குடை செருகக் குழாய் வைத்தால் புண்ணியம்.

எல்லாவற்றுக்கும் மேலே பாதுகாப்புக் கச்சை. இடுப்பில் மட்டும் கட்டுகிற கயிறு போதாது, விழுந்தால் வயிற்றையும் விலாவையும் நெரிக்கும், ஆள் தலைகீழாகக் கவிழ்ந்துவிடவும் கூடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற கச்சை வேண்டும். தலைக்கு மேல் மரத்தில் கட்டி, தரை வரை தொங்கவிட்ட ஒரு வடக்கயிறு. அதில் ஏற ஏறக் கூடவே நகர்ந்து, வெடுக்கென்று இழுத்தால் இறுகிக்கொள்கிற முடிச்சு. தரையிலிருந்து கால் எடுத்ததிலிருந்து திரும்பத் தரையில் கால் வைக்கிற வரை அது மாட்டியே இருக்க வேண்டும். கச்சையில் தொங்கியபடி கிடந்தாலும் ஆபத்துதான். தொடை இறுகி, காலில் ரத்தம் தேங்கி, சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். கால் ஊன்ற ஒரு வளையக் கயிறு கச்சையிலேயே தைத்திருக்க வேண்டும். கழுத்தில் ஒரு விசிலும் தொங்கட்டும். எங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை.

தென்னை ஏறுவதற்குக் கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி கருவி செய்தார், அது நம் தோப்புகள் வரை வந்துவிட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் அதற்குப் பயிற்சியே நடத்துகிறது. பரணுக்கு மட்டும் ஏன் எவரும் யோசிக்கவில்லை? யானைமலைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் 1965-லிருந்து விவசாயக் கல்லூரி இருக்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் அலுமினியம் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை விசைத்தெளிப்பானுக்கும் பவர் டில்லருக்கும் மானியம் தருகிற மாதிரி இதற்கும் தரலாம். பட்டா கேட்காமல், குத்தகைக்காரருக்கும் ஆதார் அட்டையைப் பார்த்துத் தர வேண்டும். நிலத்தில் நடுகிற சாமான் இல்லையே, ஆள் தூக்கிப் போகிற சாமான்தானே. ஊருக்கு நாலு செட் வாங்கிக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாடகைக்கு விட்டாலும் சரிதான்.

உங்கள் நாளிதழைக் கல்லூரி ஆசிரியர்களும் பட்டறைக்காரர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். யாராவது ஒரு மாதிரி செய்து கொண்டுவந்தால், எங்கள் ஓடைக்கரை வேம்பில் கட்டிப் பார்க்கலாம். நானே ஏறுகிறேன், குறை இருந்தால் இருக்கிறபடி சொல்கிறேன். அண்ணன் மகனும் தன் பட்டறையில் செய்த மூன்று குச்சி ஏணிகளையும் தருவதாகச் சொல்கிறான். கதிர் வாங்குவதற்கு முன், ஐப்பசிக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், குத்தகை விவசாயி,
சாப்டூர் பகுதி, பேரையூர் தாலுகா,
மதுரை மாவட்டம்.