பொருநை மியூசியத்துல ஆத்தையும் ஓட விடுங்க: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொல்லியல் துறைல இருக்குற அய்யாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் நம்ம தாமிரபரணியோட பழைய பேரான பொருநைங்குற பேர்லயே ஒரு மியூசியம் வந்ததுல திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரங்க எல்லாருக்கும் பெருமைதான், அதுல சந்தேகமே இல்ல. அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூணுமே இந்த ஒரு ஆத்துப் படுகைல இருக்குற ஊருங்க. சிவகளைல செத்தவங்களப் பொதைச்ச தாழிக்குள்ள இருந்த நெல்லு கி.மு. 1155னு ரிசல்ட் வந்துச்சே, அந்த நெல்லு வெளைய தண்ணி எப்படி வந்துருக்கும்னு ஒரு புள்ள கேட்டா ஆத்தக் காட்டித்தான பதில் சொல்லணும்? அதனால ஆறு சும்மா சுவத்துல மேப்பா மட்டும் இல்லாம, புள்ளைங்க காலால நடந்து கையால தொட்டுப் பாக்குற மாதிரி வேணும்னு கேக்கத்தான் இத எழுதுறேன்.

அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல மிசிசிப்பியோட கீழ்ப்பகுதி மொத்தத்தையும் தண்ணி ஓடுற கான்கிரீட் மாடலா 1982ல தெறந்தாங்க, அதுல 30 இஞ்ச் நடந்தா ஒரு மைல், அதாவது ஒரு எட்டு வெச்சா ஒரு மைல் தாண்டிரலாம். அதே கணக்குல நம்ம தாமிரபரணிக்கு 60 மீட்டர் எடம் போதுங்க! பொதிகை மலைல ஆரம்பிச்சு ஆறு கடல்ல கலக்குற புன்னக்காயல் வரைக்கும் ஒரு ரெண்டாங்கிளாஸ் புள்ள ஓடியே போயிரும்.

அந்த மாடல்ல கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்னு தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டையும் வைங்க, மடைக்கு நெசமான ஷட்டர் வைங்க. புள்ள ஒரு மடைய அடைச்சா அந்தக் கால்வாய் காயணும், அதுல தண்ணி குடிக்கிற குளம் காயணும், அந்தக் குளத்துல நாரை, கூழைக்கடாவக் காட்ட எரியுற விளக்கெல்லாம் அணையணும். ஏன்னா நம்ம ஊர்ல பறவைங்க வர்றது இந்தக் குளங்களுக்குத்தான், அந்தக் குளங்க நெறையுறது அந்தக் காலத்துல கட்டுன அணைக்கட்டாலதான், வரலாறு வேற இயற்கை வேறன்னு ரெண்டு ஹால்ல பிரிச்சு வெச்சா இது புரியவே புரியாது. 2011லருந்து குளங்குளமா நடக்குற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கு, அந்தக் கணக்கையும் வாங்கிப் போடுங்க.

கொற்கைக்கு ஒரு மணல் மேசை போதும். முத்துக்குப் பேர்போன துறைமுகம் இன்னைக்கு கடல்லருந்து பல கிலோமீட்டர் உள்ள தள்ளி வாழைத்தோட்டத்துக்கு நடுவுல கெடக்கு, ஆறு கொண்டாந்து கொட்டுன வண்டலால கரை தள்ளிப் போயிருச்சு. புள்ளைங்களே தண்ணில மண்ணக் கரைச்சு ஊத்தி கடல் வெலகுறதப் பாக்கட்டும்.

வெள்ளத்தையும் விட்டுராதீங்க. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கு, தண்ணியக் கிழிச்சு ரெண்டு பக்கமும் விடுற மாதிரி செவரு படகு முனை கணக்கா இருக்கும், வெள்ளம் வந்தா உற்சவர மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. அந்தக் கோயில் மாடல் ஒண்ண வெச்சு தண்ணிய ஏத்தி எறக்கிக் காட்டுங்க. 1992 வெள்ளத்தையும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுன 2023 டிசம்பரையும் அங்க வெச்சுத்தான் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு, சில பேருக்குக் கசக்கும். பாபநாசம், வண்ணார்பேட்டை, ஸ்ரீவைகுண்டம் மூணு எடத்துத் தண்ணியையும் வாராவாரம் புதுசா எடுத்து கண்ணாடி ஜாடில வைங்க, பக்கத்துல ஒரு மைக்ராஸ்கோப் வைங்க. பாபநாசத்துல பரிகாரம்னு ஆத்துல விட்டுட்டுப் போற துணியையும், டவுன்லருந்து கலக்குற சாக்கடையையும் மறைச்சுட்டு 3,000 வருஷப் பெருமைய மட்டும் பேசுனா அது பாதி மியூசியம்தான்.

இதெல்லாம் டிசைன் பண்றப்ப கம்பெனிக்காரங்கள மட்டும் உக்கார வெச்சுப் பேசாம, மடை தெறந்து அடைக்கிறவங்க, புன்னக்காயல் மீனவங்க, குளத்துப் பாசன விவசாயிங்க, பறவை எண்ணப் போற காலேஜ் புள்ளைங்க எல்லாரையும் ஒரு தடவ கூப்பிட்டுக் கேளுங்க, ப்ளானுக்கு முன்னாடியே கேளுங்க.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவங்கள்ல ஒருத்தர்