20 சதவீதத் தள்ளுபடியில் கிடைத்தது 165 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 34 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பழைய விற்பனை வரி காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2007 ஜனவரியில் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அதோடும் இரண்டு வருஷம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதனால் பில்லைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கடை வாசலில் நான் நின்று பில் படிப்பது என் மனைவிக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

போன மாதம் மகள் வீட்டுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கினோம். அட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி. 2,950 ரூபாய். பக்கத்திலேயே 'இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்சஸ்' என்று அச்சாகியிருந்தது. வாசலில் '20% தள்ளுபடி' போர்டு. அப்படியென்றால் 590 கழித்து 2,360 கொடுக்க வேண்டும். பில்லில் 2,785 என்று இருந்தது. 2,360க்குக் கீழே மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் 212.40, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் 212.40, மீதி இருபது பைசா ரவுண்டிங்.

"எம்.ஆர்.பி.யில வரி ஏற்கெனவே இருக்கேப்பா" என்றேன். பில் போட்ட பையன், "தள்ளுபடி போட்டா வரி தனி சார், எம்.ஆர்.பி.யைத் தாண்டலையே" என்றான்.

தாண்டவில்லைதான். 2,950க்கு மேல் வாங்கியிருந்தால் அது நேரடிக் குற்றம். பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டமுறை எடையளவு விதியே இருக்கிறது. நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இது தெரியாமல் வணிக வரி அலுவலகப் படியேறித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். என் பில் அந்த வகையில் வராது. கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது.

2,360 என்பது வரி சேர்ந்த விலை. அதில் பொருளின் விலை 2,000, வரி 360. இரண்டாயிரத்துக்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கடை அந்த 2,360 முழுவதையும் பொருளின் விலையாக வைத்துக்கொண்டு அதன் தலையில் மறுபடி 424.80 ஏற்றியது. இந்த 424.80 எங்கே போகிறது? பில்லில் வரி என்று காட்டிய பணம் முழுவதும் அரசாங்கத்துக்குத்தான் போயாக வேண்டும், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் 2,000 வர வேண்டிய இடத்தில் கடைக்கு 2,360 வந்துவிட்டது. ஆக நான் கூடுதலாகக் கொடுத்ததில் 360 கடைக்கு, 64.80 அரசாங்கத்துக்கு. எனக்குக் கிடைத்த தள்ளுபடி 165 ரூபாய், அதாவது ஐந்தரை சதவீதம் சொச்சம்.

பாத்திரக் கடையில் நாங்களும் வரியைத் தனியாகத்தான் போட்டோம். பித்தளை அண்டாவைத் தராசில் வைத்து, கிலோ விலை போட்டு, அதன் மேல் வரி. எடை போட்டு விற்கும் அண்டாவுக்கு ஏது எம்.ஆர்.பி.? அங்கே அது சரி. பெட்டியில் விலை அச்சடித்து வரும் சாமானுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவருவதுதான் கோளாறு.

கடைக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் வரி 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அப்போது எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு சண்டை. நூறு ரூபாய் பற்பசை 87க்கு வர வேண்டும், ஏன் 89 என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரே சத்தம். மளிகைக்காரர் சொன்னதுதான் சரி. பழைய நூறு ரூபாய்க்குள் இருந்த வரி 18 ரூபாய் இல்லை, 15.25தான். பொருளின் விலை 84.75. அதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 88.98. உள்ளே இருக்கும் வரியைக் கண்டுபிடிக்க மொத்த விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். 5 சதவீத வரி என்றால் இன்னும் சுலபம், மொத்தத்தை 21ஆல் வகுத்தால் போதும்.

ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வாட் காலத்து வழக்கு ஒன்றில், எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டுத் தள்ளுபடி விலையின் மேல் வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மறுநாள் அதே கடைக்குப் போய் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க சொல்றது புரியுது ஐயா, கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் செட் பண்ணியிருக்கு" என்றார். 34 வருஷம் பேனாவால் கணக்கு எழுதியவனிடம் கம்ப்யூட்டரைச் சாட்சிக்கு இழுத்தால் நான் என்ன சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையிலேயே இதே மாதிரித் தள்ளுபடி விளம்பரம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. சதவீதம் உள்ளங்கை அகலத்தில். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தின் அடியில் அதற்கு ஒரு விளக்கம். கண்ணாடியைப் போட்டும் எனக்குப் படிக்க முடியவில்லை. பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். 'ஜிஎஸ்டி தனி' என்றாள். அந்த விளக்கத்தையாவது கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர்,
கும்பகோணம்.